கொரிய அரண்மனைத் தொடரை முழுசாக ரசித்துப் பார்ப்பது எப்படி? 'டோங் யீ'யை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

கொரிய சரித்திரத் தொடர் பார்க்க ஆசைப்பட்டு, மூன்றாவது அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டவர்கள் நிறைய பேர். காரணம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: யார் யாரென்று பிடிபடவில்லை. எல்லாரும் கறுப்புத் தொப்பி, எல்லாருக்கும் தாடி. பத்து பேர் வரிசையாக மண்டியிட்டு ஒரே குரலில் ஏதோ கெஞ்சுகிறார்கள், அரசர் கோபப்படுகிறார். காதல் காட்சி வந்தால் மட்டும் புரிகிறது. அப்புறம் மறுபடியும் தாடிக்காரர்கள்.

ஆனால் இந்தத் தொடர்களின் உயிர் அந்தத் தாடிக்காரர்களிடம்தான் இருக்கிறது. அந்தப்புரத்தில் இரண்டு பெண்கள் மோதிக்கொள்கிறார்கள் என்றால், ஒவ்வொருத்திக்குப் பின்னாலும் அரசவையில் ஒரு அணி நிற்கிறது. ஒருத்தி பட்டத்தரசி ஆனால் அவளுடைய அணிக்கு மந்திரிப் பதவிகள் வரும். அவள் விழுந்தால் அந்த அணியில் பலர் தீவுகளுக்கு நாடுகடத்தப்படுவார்கள், சிலருக்கு நஞ்சுக் கிண்ணம் போகும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், சக்களத்திச் சண்டையாகத் தெரிந்த காட்சிகளெல்லாம் வேறு மாதிரி தெரியத் தொடங்கும்.

முதல் படி: எந்தத் தொடர், எந்த அரசர்

1392இல் தொடங்கிய ஜோசன் வம்சத்தில் 27 அரசர்கள். தொடர்கள் எல்லாரைப் பற்றியும் வந்திருக்கின்றன. எடுத்த எடுப்பில் எதையாவது பிடித்துக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். என் பரிந்துரை சுக்ஜோங் அரசரின் காலம், அதாவது 1674 முதல் 1720 வரை. சதிக்கும் சூழ்ச்சிக்கும் இதைவிட அடர்த்தியான காலம் கிடைப்பது அரிது. அதோடு முக்கியமான பாத்திரங்கள் கைவிரலில் எண்ணக்கூடிய அளவுதான்.

இந்தக் காலத்தைச் சொல்லும் தொடர்களில் புதியவருக்கு ஏற்றது 2010இல் எம்பிசி தொலைக்காட்சியில் வந்த 'டோங் யீ'. இயக்கம் லீ பியுங்-ஹுன். மொத்தம் 60 அத்தியாயங்கள். கதாநாயகி டோங் யீ, அரண்மனை இசைத் துறையில் எடுபிடி வேலை செய்யும் அடிமைப் பெண். அரண்மனையின் சட்டதிட்டம் அவளுக்கும் தெரியாது என்பதால், அவள் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொள்ளும்போது நாமும் கூடவே கற்றுக்கொள்கிறோம். முதல் தொடருக்கு இந்த அமைப்பு பெரிய உதவி.

முடிவு தெரிந்துவிட்டால் சுவை போய்விடுமே என்று யோசிக்க வேண்டாம். சுக்ஜோங்கின் கீழ்நிலை மனைவியாக, அதாவது துணைவியாக, இருந்து பட்டத்தரசியான ஜாங் ஹீபினின் கதை கொரியாவில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். யார் ஜெயிப்பார், யார் நஞ்சு குடிப்பார் என்பதை அறிந்த மக்களுக்காகத்தான் இந்தத் தொடர்கள் எடுக்கப்படுகின்றன. எப்படி நடந்தது, அந்த இடத்தில் நின்ற மனிதருக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதில்தான் இயக்குநரும் நடிகர்களும் உழைக்கிறார்கள். ஆகவே கீழே நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன்.

இரண்டாம் படி: ஒரு தாளில் அணிகளை எழுதிக்கொள்ளுங்கள்

வழிகாட்டியில் மிக முக்கியமான பகுதி இதுதான். பொறுமையாகப் படியுங்கள்.

ஜோசன் அரசவையில் அணிகள் உருவானது 1575 வாக்கில். சண்டை எதற்கு? பணியாளர் அமைச்சகத்தில் இருந்த ஒரு நடுத்தரப் பதவிக்கு. பார்க்கச் சின்னப் பதவி. ஆனால் அரசரையும் மந்திரிகளையும் கண்டிக்கும் உரிமை பெற்ற தணிக்கை அலுவலகங்களில் யாரை அமர்த்தலாம் என்று பரிந்துரைக்கும் அதிகாரம் அந்த நாற்காலியில் இருந்தது. தனக்குப் பிறகு அதில் யார் உட்கார வேண்டும் என்பதையும் அதில் இருப்பவரே சொல்லலாம். அதைப் பிடித்தவர் அரசவையின் வாயைப் பிடித்தவர். மோதிய இரண்டு தலைவர்களில் ஒருவர் வீடு தலைநகரின் கிழக்கே, மற்றவர் வீடு மேற்கே. அதனால் கிழக்கு அணி, மேற்கு அணி என்று பெயர் வந்தது. கிழக்கு அணி பின்னால் தெற்கு, வடக்கு என்று உடைந்தது. சுக்ஜோங் காலத்தில் களத்தில் எதிரெதிரே நின்றவை மேற்கு அணியும் தெற்கு அணியும்.

இவர்கள் எதற்கெல்லாம் அடித்துக்கொண்டார்கள் என்பதற்கு ஒரு உதாரணம். 1659இல் ஹியோஜோங் அரசர் இறந்தார். அவருடைய மாற்றாந்தாயான ராஜமாதா எத்தனை காலம் துக்க உடை அணிய வேண்டும்? இறந்தவர் இரண்டாவது மகன்தானே, ஒரு வருடம் போதும் என்றது மேற்கு அணி. அரியணை ஏறியவர் மூத்த மகனுக்குச் சமம், மூன்று வருடம் என்றது தெற்கு அணி. உடையைப் பற்றிய பேச்சு மாதிரி இருக்கிறது. உள்ளே இருக்கும் கேள்வி, அரசர் சாதாரண குடும்பச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவரா இல்லையா என்பது. அந்த முறை மேற்கு அணி வென்றது. 1674இல் ஹியோஜோங்கின் அரசி இறந்தபோது இதே கேள்வி திரும்பி வந்தது, இந்த முறை தெற்கு அணி வென்று ஆட்சியைப் பிடித்தது. தொடரில் தாடிக்காரர்கள் ஏதோ சடங்கைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடினால் ஓட்டிவிடாதீர்கள். அங்கே ஒரு அரசாங்கமே கவிழ்ந்துகொண்டிருக்கலாம்.

இனி சுக்ஜோங். 13 வயதில் அரியணை ஏறியவர். ஒரே அணியை நீண்ட நாள் ஆளவிட்டால் அது தன் தலைமேல் ஏறிவிடும் என்று தெரிந்துகொண்டவர். அதனால் மூன்று முறை ஒரு அணியை மொத்தமாக வெளியே தள்ளிவிட்டு மறு அணியை உள்ளே கொண்டுவந்தார். உங்கள் தாளில் இந்த மூன்று ஆண்டுகளையும் எழுதிக்கொள்ளுங்கள்.

1680: தெற்கு வெளியே, மேற்கு உள்ளே. அடுத்த ஆண்டு மேற்கு அணிக் குடும்பத்துப் பெண் இன்ஹியொன் பட்டத்தரசியாகிறாள்.

1689: மேற்கு வெளியே, தெற்கு உள்ளே. 1688இல் ஜாங் பெற்ற ஆண் குழந்தையை வாரிசாக்கும் அரசரின் முடிவை எதிர்த்து மனு எழுதிய மேற்கு அணியின் முதுபெரும் அறிஞர் சோங் சி-யோல், எண்பது வயதைத் தாண்டிய நிலையில், அரசாணைப்படி நஞ்சு குடித்து இறக்கிறார். இன்ஹியொன் பட்டம் பறிக்கப்பட்டு வெளியேறுகிறாள், ஜாங் அரசியாகிறாள்.

1694: தெற்கு வெளியே, மேற்கு உள்ளே. இன்ஹியொன் திரும்பி வருகிறாள். ஜாங் பழைய நிலைக்கு இறங்குகிறாள். 1701இல் இன்ஹியொன் நோயில் இறக்க, அவளுக்குச் செய்வினை வைத்த குற்றம் ஜாங்மேல் விழுந்து, அவளுடைய உயிரும் அந்த ஆண்டே போகிறது.

இதில் இரண்டு பெண்கள் எந்த வாசலிலிருந்து வந்தார்கள் என்று கவனியுங்கள். ஜாங் பணக்கார மொழிபெயர்ப்பாளர் குடும்பத்துப் பெண். உயர்குடியுமில்லை, அடிமையுமில்லை, நடுத்தட்டு. அவள் அரண்மனைக்குள் வந்தது அந்தத் துக்க உடைச் சர்ச்சைக்குக் காரணமான அதே ராஜமாதாவின் பணிப்பெண்ணாக. அவளைப் பிடிக்காமல் வெளியே துரத்தியது சுக்ஜோங்கின் தாயார், அவர் மேற்கு அணிக் குடும்பத்தவர். ஒரு பணிப்பெண்ணை யார் வரவழைத்தார், யார் துரத்தினார் என்பதிலேயே அணி தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: நிறத்தையும் இடத்தையும் பாருங்கள்

அரசவைக் காட்சியில் வசனத்துக்கு முன்னால் உடை பேசிவிடும். சிவப்பு உடை மேல்மட்ட அதிகாரி, நீலம் நடுமட்டம், பச்சை கடைநிலை. மார்பில் சதுரமாகத் தைத்த பூத்தையல் பட்டையில் நாரை இருந்தால் அறிவுத் தேர்வு எழுதி வந்தவர், புலி இருந்தால் படைத்துறை. இரண்டு நாரை இருந்தால் உயர்ந்த பதவி, ஒன்று இருந்தால் அதற்குக் கீழே. அரசரின் சிவப்பு அங்கியில் வட்டத்துக்குள் தங்க டிராகன் இருக்கும். பட்டத்து இளவரசர் கருநீல உடையில் வருவார்.

பெண்களுக்கு நடு வகிட்டின் தொடக்கத்தில் பொருத்திய சின்ன அணியையும், கொண்டையில் குத்திய நீளமான ஊசியையும் பாருங்கள். டிராகன் தலை வைத்த கொண்டை ஊசி பட்டத்தரசிக்கு உரியது. ஜாங் அரசியாகும் அத்தியாயத்திலும், இறக்கப்படும் அத்தியாயத்திலும் அவள் தலையை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். பேச்சே இல்லாமல் கதை புரியும். ஒற்றைப் பின்னலும் சிவப்பு நாடாவும் என்றால் கல்யாணமாகாத பெண். தலை முடிந்திருந்தால் கல்யாணமானவள்.

உட்காரும் இடமும் அப்படியே. அரசர் வடக்கே அமர்ந்து தெற்கு நோக்கியிருப்பார். அரியணை மண்டபத்து முற்றத்தில் பதவித் தரம் பொறித்த கற்கள் இரண்டு வரிசையாக நிற்கும். கிழக்கில் அறிவுத்துறையினர், மேற்கில் படைத்துறையினர். அரியணைக்குப் பின்னால் சூரியன், சந்திரன், ஐந்து சிகரங்கள் வரைந்த திரை. அந்தத் திரை எங்கே இருக்கிறதோ அங்கே அரசர் இருக்கிறார் என்று பொருள்.

அரசர் முன்னிலையில் எல்லாரும் பேசிக்கொண்டிருக்கும்போது, ஓரமாகச் சின்ன மேசை போட்டு ஓயாமல் எழுதிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அரசு வரலாற்றுப் பதிவாளர்கள். அவர்கள் எழுதியதை வைத்து, அரசர் இறந்த பிறகே அவருடைய ஆட்சி வரலாறு தொகுக்கப்படும். ஆளும் அரசர் அதைப் படிக்கக் கூடாது. 1404இல் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்த தேஜோங் அரசர், எழுந்ததும் முதலில் சொன்னது இது பதிவாளருக்குத் தெரிய வேண்டாம் என்பதுதான். அவர் அப்படிச் சொன்னதையும் சேர்த்தே எழுதிவைத்திருக்கிறார்கள். 25 அரசர்களின் 472 ஆண்டுகளைச் சொல்லும் இந்தப் பதிவுகள் 1997இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் சேர்ந்தன. தொடர்களுக்கான மூலக்கதை முக்கால்வாசி இங்கிருந்துதான் வருகிறது.

நான்காம் படி: விளிக்கும் முறையைக் காதால் பிடியுங்கள்

தமிழ்க் குரலில் கிடைத்தாலும், முதல் சில அத்தியாயங்களைக் கொரிய ஒலியில் கேட்டுப் பாருங்கள். மொழிபெயர்ப்பில் ராணி, இளவரசி, ராஜமாதா எல்லாரும் ஒரே மரியாதைச் சொல்லில் அடங்கிவிடுகிறார்கள். மூலத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு விளி. அரசரை 'ஜொன்ஹா' என்பார்கள். பட்டத்து இளவரசர் 'செஜா'. நடப்பு அரசி 'ஜுங்ஜொன்', அரசரின் தாய் 'டேபி'. இவற்றில் சிலவற்றின் கடைசியில் வரும் 'மாமா' அரச குடும்பத்துக்கான மரியாதை ஒட்டு, நம் உறவுமுறையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அரசரை 'ஜூசாங்' என்று அழைக்க மூத்த ராஜமாதா போன்ற பெரியவர்களுக்கே உரிமை உண்டு. அந்தச் சொல் கேட்டால் அந்த அறையில் அரசரைவிட வயதிலும் முறையிலும் பெரியவர் இருக்கிறார்.

'ஹீபின்', 'சுக்பின்' இரண்டும் பெயர்களல்ல. 'பின்' என்பது அரசரின் துணைவியருக்கு உள்ள படிகளில் மேலே இருப்பது. ஜாங்கின் சொந்தப் பெயர் ஓக்-ஜொங். கதாநாயகியின் அசல், சோய் குடும்பத்துப் பெண். அவள் 1693இல் கீழ்ப்படியில் ஏறி, 1699இல் சுக்பின் ஆனாள். தொடரில் அவளை மற்றவர்கள் கூப்பிடும் விதம் படிப்படியாக மாறும். நேற்றுவரை அதட்டிய தலைமைப் பணிப்பெண் இன்று தலைகுனிந்து மரியாதைப் பன்மையில் பேசுவாள். அவள் முகத்தைப் பாருங்கள், அருமையான நடிப்பு அங்கேதான் இருக்கும்.

சுக்ஜோங், யொங்ஜோ போன்ற அரசப் பெயர்கள் இறந்த பிறகு சூட்டப்பட்டவை. பெயர்கள் ஒன்றுபோல் ஒலிப்பதால் ஆட்சி ஆண்டை வைத்து நினைவில் கொள்வதே சுலபம்.

ஐந்தாம் படி: காய் நகர்த்தல்களை அடையாளம் காணுங்கள்

ஒரே மாதிரியான சில காட்சிகள் எல்லாத் தொடரிலும் வரும். அவற்றின் பொருள் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மனு. வாசலில் அறிஞர்கள் கூட்டமாக உட்கார்ந்து மனு கொடுத்தால், ஒரு அணி தன் பலத்தைக் காட்டுகிறது என்று அர்த்தம். ஒருவர் பக்கத்தில் கோடரி வைத்துக்கொண்டு மண்டியிட்டிருந்தால், என் சொல்லை ஏற்கவில்லை என்றால் இதாலேயே என் தலையை வெட்டுங்கள் என்பது அதன் செய்தி.

வைக்கோல் பாய். வெள்ளை உடையில், தலை கலைந்து, வெட்டவெளியில் பாய் விரித்து ஒருவர் மண்டியிட்டிருப்பார். தண்டனையைத் தானே கேட்டு நிற்கும் முறை அது. வெளிப்பார்வைக்குப் பணிவு. உள்ளே மறுபக்கத்துக்குக் கொடுக்கும் நெருக்கடி. இளவரசர் மழையில் மண்டியிட்டிருக்கும்போது அரசர் கதவைத் திறக்காமல் இருந்தால், ஊர் யாரைத் திட்டும்?

பதவி விலகல் மிரட்டல். திடீரென்று அரசர் இளவரசருக்கு முடியைத் தருகிறேன் என்பார். உடனே இளவரசர் முதல் கடைசி அதிகாரி வரை ஓடிவந்து வேண்டாம் என்று கதற வேண்டும். சரி என்று சொன்னால் துரோகி. யார் எவ்வளவு சீக்கிரம் ஓடிவருகிறார்கள் என்று அரசர் பார்த்துக்கொண்டிருப்பார்.

நஞ்சுக் கிண்ணம். உயர்நிலையில் இருப்பவர்களுக்கு உடல் சிதையாத மரணம் ஒரு சலுகை. தூதர் ஆணையைப் படிப்பார். தண்டனை பெற்றவர் பாயில் அமர்ந்து அரசர் இருக்கும் திசையை வணங்கிவிட்டு, இரண்டு கையாலும் கிண்ணத்தை எடுப்பார். இந்த வணக்கத்தை ஒருவர் செய்கிறாரா, மறுக்கிறாரா என்பதைக் கவனித்தாலே அந்தப் பாத்திரத்தை எழுதியவர் அவரை எப்படிப் பார்க்கிறார் என்று தெரிந்துவிடும்.

ஆறாம் படி: அறுபது அத்தியாயங்களை எப்படிப் பிரிப்பது

இந்தத் தொடர் கொரியாவில் திங்கள், செவ்வாய் என்று வாரம் இரண்டு நாள் வந்தது. எழுத்தும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஆகவே ஒரு உட்காரலில் இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் பத்து பார்த்தால் அதே சதி, அதே விசாரணை என்று சலித்துவிடும்.

தொடக்க அத்தியாயங்கள் கொலையும் துரத்தலுமாக இருக்கும், அரசர் கொஞ்சம்தான் வருவார். அதைத் தாண்டி இசைத் துறைக்குள் கதை நுழையும்போது கவனமாகுங்கள். கல் மணிகளின் சுருதி பிசகியதைக் கெட்ட சகுனமாக்கி ஒரு பெண்ணை வீழ்த்தப் பார்க்கும் பகுதி, சதி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு நல்ல பாடம். அரசரும் நாயகியும் சந்தித்துக்கொள்ளும் பகுதி லேசானது, குடும்பத்தோடு பார்க்கலாம். அப்புறம் 1689 வரும்போது உங்கள் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் டோங் யீயிடம் பரிவு காட்டிய அதே ஜாங், அரியணைக்கு அருகே போகப் போக மாறும் விதம்தான் என்னைப் பொறுத்தவரை இந்தத் தொடரின் மிகப் பெரிய பலம். அவளைக் கொடியவளாகவே பிறந்தவள் போலக் காட்டாமல், எந்த இடத்தில் திரும்ப முடியாமல் போனது என்று காட்டியிருக்கிறார்கள்.

கடைசிப் பகுதியில் வேகம் குறையும். அங்கே கொஞ்சம் ஓட்டினாலும் நஷ்டமில்லை.

ஏழாம் படி: வரலாறு எது, கற்பனை எது

பார்த்து முடித்த பிறகு இதைப் படித்தாலும் போதும். சுக்பின் சோய் கீழ்நிலைப் பணிப்பெண்ணாக இருந்து அரசரின் துணைவியானதும், அவள் மகன் 1694இல் பிறந்து பின்னால் யொங்ஜோ அரசராக 52 ஆண்டு ஆண்டதும் உண்மை. அவள் இசைத் துறையில் இருந்தது, துப்பறிந்தது, அவளுடைய தந்தை ரகசியக் கூட்டத்தின் தலைவர் என்பதெல்லாம் தொடர் எழுதியவர்களின் கற்பனை. அப்படி ஒரு ரகசியக் கூட்டம் அந்தக் காலத்தில் இருந்தது மட்டும் நிஜம். தொடரில் வரும் கலகலப்பான அரசரைப் பார்த்து ஏமாறாதீர்கள். மூன்று முறை அரசாங்கத்தையே தூக்கியெறிந்தவர் அவர்.

ஜாங்கின் முடிவும் அப்படித்தான். தானே உயிரை மாய்த்துக்கொள்ள அரசர் ஆணையிட்டார் என்பதே அதிகாரபூர்வப் பதிவு. வாயைப் பிளந்து ஊற்றும் காட்சியெல்லாம் பிற்காலக் கதைகளின் கைவண்ணம். மேற்கு அணி வென்றதால், அவளைப் பற்றி எழுதியவர்களும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தவர்களே. இதை நினைவில் வைத்துக்கொண்டு அவளை மதிப்பிடுங்கள். அவள் இறந்த பிறகு, துணைவியாக இருந்தவள் இனி பட்டத்தரசி ஆகக் கூடாது என்று சுக்ஜோங் சட்டமே போட்டார். ஆனால் அவள் மகன் கியொங்ஜோங் 1720இல் அரசரானார், நான்கே ஆண்டில் பிள்ளையில்லாமல் இறந்தார், அடுத்து வந்தவர்தான் சோய் பெற்ற மகன். தம்பி அண்ணனுக்கு நஞ்சு வைத்தார் என்ற வதந்தி யொங்ஜோவை ஆயுள் முழுக்கத் துரத்தியது.

சியோலில் சில்குங் என்ற இடத்தில், அரசர்களைப் பெற்ற துணைவியர் ஏழு பேருக்கான வழிபாட்டு மனைகள் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஜாங்குக்கும் சோய்க்கும் இடம் அங்கேதான். கொரியா போகிறவர்கள் அரண்மனைகளோடு திரும்பிவிடாமல் அங்கும் போய்வரலாம். அரண்மனைகளில் முதலில் பார்க்க வேண்டியது சாங்டொக்குங். பெரிய அரண்மனையான கியொங்போக்குங் 1592 போரில் எரிந்து, 1860களில்தான் திரும்பக் கட்டப்பட்டது. சுக்ஜோங் காலத்தில் அது வெறும் இடிபாடு.

எட்டாம் படி: அடுத்தது எது

வெளிவந்த ஆண்டை விட்டுவிட்டு அரசர்களின் வரிசையில் போங்கள். யொங்ஜோ தன் மகன் சாடோவை 1762இல் அரிசிப் பெட்டிக்குள் அடைத்தார். எட்டு நாளில் அவர் அதற்குள்ளேயே இறந்தார். சாடோவின் மகன் ஜொங்ஜோ 1776இல் அரசரானார். அவரைப் பற்றி 'டோங் யீ' இயக்குநரே எடுத்த 'யீ சான்' 77 அத்தியாயம். நேரம் குறைவென்றால் 2021இல் வந்த 'ரெட் ஸ்லீவ்' 17 அத்தியாயத்தில் அதே அரசரையும் அவர் விரும்பிய பணிப்பெண்ணையும் சொல்கிறது. டோங் யீயின் கொள்ளுப்பேரன் கதை என்று தெரிந்து பார்க்கும்போது, கிழவராக வரும் யொங்ஜோவுக்குத் தன் தாயின் பிறப்பைப் பற்றி யாராவது பேசினால் ஏன் அவ்வளவு கோபம் வருகிறது என்பது யாரும் விளக்காமலே புரியும்.